கப்பல் மைலேஜ்

மாமா வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டார்.

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெரு முட்டுத் தெரு. உள்ளே வந்த வண்டி வெளியே போக வேண்டுமென்றால் பின்னால்தான் நகர்ந்தாக வேண்டும், திருப்புவதற்கு இடம் கிடையாது. அதற்கு மாமா செய்துவைத்திருந்த ஏற்பாடு, தெருவில் கண்ணில் படுகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது. பல் விளக்கிக்கொண்டே வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் டிபன் பையைப் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு வந்து தள்ளுவார்கள்.

"ரிவர்ஸ்ல எரியற டீசல் எந்தக் கணக்குலயும் வராதும்மா. முன்னாடி போனாத்தான் கிலோமீட்டர். பின்னாடி போறதுக்கு ஏன் செலவு பண்ணணும்?" என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

நானும் அம்மாவும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். உறவொன்றும் இல்லை. குடிபோன வாரமே மாமா, அத்தை என்று கூப்பிட ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது. கீழே தெருவைப் பார்த்த பகுதியில் அவருடைய வாடகைக் கடை. நாற்காலி, பந்தல் துணி, அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் விசேஷங்களுக்கு வாடகைக்குப் போகும். அவற்றை ஏற்றிப் போகத்தான் அந்த வண்டி.

கடலோரத்தில் இருந்த ஒரு இறால் பண்ணையை மூடியபோது அங்கே கிடந்த பழைய பிக்கப்பை மாமா வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கும்போதே கிழட்டு வண்டி. சேற்றிலும் மணலிலும் போவதற்காக நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி செய்த வண்டி அது. ஓட்டுநர் பக்கத்தில் வழக்கமான கியர் கம்பிக்கு அருகே இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து வேலை செய்யும், டீசலும் அதற்கேற்ற மாதிரி குடிக்கும். மாமா அந்தக் குட்டைக் கம்பியைத் தொட்டதே இல்லை. அதில் தன் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்.

"ரெண்டு சக்கரத்துக்கு ஊத்தவே மனசு வரல. இதுல நாலுக்கும் ஊத்தணுமாம்" என்பார்.

மழைக்காலத்தில் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அண்டா இறக்கப் போனபோது வாசல் சேற்றில் வண்டி புதைந்துவிட்டது. பெண்ணின் வாப்பா வெளியே வந்து பார்த்தார். "ஃபோர் வீல் வண்டின்னு சொன்னீங்களே, அதப் போடலாமே" என்றார்.

"போடலாம் பாய். நாலு பேரு வந்து தள்ளுனா அதுவும் ஃபோர் வீல்தான்" என்றார் மாமா. கல்யாணத்துக்கு வந்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்கள்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. தள்ளியவர்கள் எல்லோருக்கும் டீயும் வடையும் அவர் செலவு. சாவு வீடுகளுக்கு நாற்காலி போனால் வாடகை வாங்க மாட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, மருந்து வாங்கியது, கஞ்சி கொண்டுவந்தது எல்லாம் அவர்தான். ஆனால் கூட்டிப் போனது ஆட்டோவில். பிக்கப் வாசலில் நின்றது.

"காசு போனா வரும்மா. எரிஞ்சது வருமா?" என்றார்.

இத்தனைக்கும் எங்கள் ஊர் தமிழ்நாட்டில் சேர்ந்ததில்லை என்பதால் டீசல் விலை குறைவு. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தும் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மாமா முகம் சுளிப்பார். "வெல கொறச்சலா இருக்குன்னு குடிச்சா குடிகாரன்தானே" என்பார்.

காலையில் நான் டவுனுக்கு ஆபீஸ் போகும்போது அவர் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ஏற்றிக்கொள்வார். தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பலர் இருந்தும் எனக்கு மட்டும் அந்தச் சலுகை. காரணத்தையும் மறைக்கவில்லை. "நீ வாம்மா. நீ ஏறுனா வண்டிக்கே தெரியாது" என்றார். என் எடையை அவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. ஒருநாள் என் சாப்பாட்டுப் பையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றார்.

"வயித்துக்குள்ள இருந்தாலும் அதே எடைதானே மாமா?"

அவர் பையை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். "அதுவும் சரிதான். அப்ப சாப்பிடாமலே வா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிரேக் போடுவதும் அவருக்குப் பிடிக்காது. ஓடிச் சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் கொட்டிவிடுகிறோம் என்பார். அதனால் என் ஆபீசுக்கு வெகு தூரம் முன்பே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக மெதுவாகி மெதுவாகி எங்கே நிற்கிறதோ அதுதான் என் நிறுத்தம். சில நாள் பஸ் ஸ்டாண்டு. சில நாள் ஆபீசைத் தாண்டி, மீன் மார்க்கெட் வாசல். மீன் மார்க்கெட்டிலிருந்து திரும்பி நடந்துவரும்போது எங்கள் சூப்பரின்டெண்ட், "என்ன மீன் கெடச்சுதும்மா?" என்று கேட்பார்.

காரைக்கால் தட்டையான ஊர். மேடு என்று சொல்லிக்கொள்ள அரசலாற்றுப் பாலம் மாதிரி ஒன்றிரண்டு பாலங்கள்தான். பாலத்தின் நடு உச்சியைத் தொட்டதும் மாமா கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். வண்டி தானாக இறங்கும். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் வண்டி நின்றுவிடும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. சும்மா கிடைக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காற்றையும் பார்ப்பார். மீன்பிடிக்கிறவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பேர் வைத்திருப்பார்களே, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று, அத்தனையும் அவருக்குத் தெரியும். வடக்கிலிருந்து வாடை அடிக்கிற நாளில்தான் தெற்கே திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் சரக்கு ஏற்றுவார். கொண்டுபோய் இறக்கிய நாற்காலிகளைத் திருப்பி எடுத்துவரத் தெற்கிலிருந்து சோழகம் அடிக்க வேண்டும். அதுவரை நாற்காலிகள் அங்கேயே இருக்கும். ஒரு வீட்டில் அதில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகி, அவை தங்களுடையவை என்றே நினைத்துக்கொண்டார்கள். மாமா எடுக்கப் போனபோது சண்டைக்கு வந்தார்கள்.

வண்டியின் பின்கதவு காற்றைத் தடுக்கிறது என்று அதைக் கழற்றி வைத்தார். அம்பகரத்தூர்க் கோயில் திருவிழாவுக்குக் கரண்டி மூட்டை ஏற்றிப் போன நாள் அது. மூட்டை வழியிலேயே அவிழ்ந்து, போகிற பாதை முழுக்கக் கரண்டிகள் உதிர்ந்தன. போய்ச் சேர்ந்தபோது சாக்குதான் மிச்சம். அந்தத் தடத்தில் வருகிற பஸ் கண்டக்டர் ரொம்ப நாளைக்கு எங்கள் நிறுத்தத்தில் கரண்டி கொடுத்துவிட்டுப் போனார். யார் யாரோ எடுத்துக் கொடுத்தவை. சாம்பார்க் கரண்டி போனால் பாயசக் கரண்டி வந்தது. மொத்தத்தில் போனதைவிட அதிகமாக வந்தது என்று அத்தை சொல்வார்.

அத்தைக்குப் பொறுமை அதிகம். மகள் அரசிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். தைப் பொங்கல் முடிந்ததும் அவளைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை பேர் செந்தில். மின்வாரியத்தில் வேலை. போட்டோ முன்பே வந்துவிட்டது. ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி நின்றார். அரசி என்னிடம் காட்டினாள், நானும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன். மாமாவும் வாங்கிப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்காரு?" என்றார் அத்தை.

"பின்னாடி டயர்ல காத்து கம்மி" என்றார் மாமா. அவர் பார்த்தது காரை மட்டும்தான்.

அவர்கள் வருவதாகச் சொன்ன அதே நாளில் ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஒரு மைலேஜ் போட்டி வைத்தார்கள். கார், வேன், பிக்கப் எதுவானாலும் வரலாம். ஒரு பாட்டிலில் அளந்து ஒரு லிட்டர் ஊற்றிக் குழாயை நேரே இஞ்சினுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் கிளம்பி எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம். எந்த வண்டி அதிக தூரம் போய் நிற்கிறதோ அதற்குப் பரிசு. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் மன்றத்துப் பையன் ஒருவன் பைக்கில் வருவான்.

மற்றவர்கள் எல்லாம் சின்னக் கார்கள். மாமா நாலு சக்கரம் இழுக்கிற கிழட்டுப் பிக்கப்போடு பேர் கொடுத்தார்.

"பொண்ணு பாக்க வர்ற நாள்ல ஒங்களுக்குப் போட்டியா?" என்றார் அத்தை.

"அவங்க வர்றது சாயங்காலம். ஒரு லிட்டரு எவ்வளவு நேரம் ஓடிரும்? மத்தியானம் சோத்துக்கு வந்துருவேன்."

கூட ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பது போட்டி விதி. என்னைக் கூப்பிட்டார். எடைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். வண்டிக்குள் ஏறப் போனால் என் பக்கத்து இருக்கையே இல்லை. கனமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு, கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தார். ஸ்டெப்னி இல்லை. ஜாக்கி இல்லை. மற்ற வண்டிகளில் டேங்க்கில் டீசலை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றியிருந்தார்கள். மாமா டேங்க்கையும் காலி செய்திருந்தார். ஆனால் பின்னால் ஒரு பந்தல் துணி சுருட்டிக் கட்டியிருந்தது. இவ்வளவையும் எடுத்தவர் அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"இருக்கட்டும். இன்னைக்கு நல்ல வாடை" என்றார்.

நல்ல வாடைதான். தலைமுடி எல்லாம் முகத்துக்கு வந்தது. அளந்து ஊற்றிக் குழாய் மாற்றி எல்லா வண்டியும் கிளம்பவே மத்தியானம் தாண்டிவிட்டது. மற்ற வண்டிகள் எந்தெந்தப் பக்கமோ போக, மாமா தெற்கே திருப்பினார். அரசலாற்றுப் பாலத்தில் மூச்சுவிடாமல் இறங்கினோம். திருமலைராயன்பட்டினம் நெருங்கும்போது வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் தார்ப்பாய் போடுவதற்காக நட்ட இரும்புக் கம்பிகளில் பந்தல் துணியை விரித்துக் கட்டினார். சிவப்பும் மஞ்சளும் கலந்து, கீழே ஜாலர் வைத்த கல்யாணப் பந்தல் துணி. காற்று அதைப் புடைத்துக்கொண்டு நின்றது.

பாய்மரம் கட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பட்டினத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது கடைகளில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். சைக்கிளில் மீன் கூடை வைத்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. நிதானமாகப் பார்த்துவிட்டு, "எடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க. காத்து நழுவுது" என்றார். மாமா இறங்கி இழுத்துக் கட்டினார்.

வண்டி வேகம் எடுத்ததா என்றால் எனக்குத் தெரியாது. சத்தம் அதிகமானது. ஜாலர் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் பிளாஸ்டிக் நாற்காலி சாயாமல் இருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பைக்கில் வந்த பையன் எங்களுக்கு இணையாக வந்து கையைக் காட்டி நிறுத்தினான். "மாமா, இது செல்லாதுங்க" என்றான்.

"ஏன் செல்லாது? காத்து எல்லாருக்கும் பொதுதானேப்பா?"

"நாங்க பாக்கறது வண்டி மைலேஜுங்க. இது கப்பல் மைலேஜ்."

"அப்ப என்னை எடுத்துருவியா?"

"எடுத்தாச்சுங்க" என்றான் பையன் பணிவாக.

மாமா ஸ்டியரிங்கைத் தடவினார். "சரி. போட்டி கெடக்கு. பாட்டில்ல மிச்சம் இருக்கு. எது வரைக்கும் போவுதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றார். பையன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் தெற்கே போனோம்.

வாஞ்சூர் வந்தது. அது எங்கள் எல்லையின் கடைசி ஊர். அங்கிருந்த பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, எல்லையையும் தாண்டி, நாகூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பாட்டில் காலியாகிவிட்டது. அப்புறமும் குழாயில் இருந்ததை வைத்து வண்டி கொஞ்ச தூரம் போனது. மாமா முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நானும் என்னை அறியாமல் சாய்ந்துகொண்டேன். இஞ்சின் இருமி நின்றது. அதற்கப்புறமும் பந்தல் துணி எங்களை ஒரு புளியமரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டது.

மாமா இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. "இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்துருக்கும்மா" என்றார். வண்டியின் வயதைச் சொன்னார்.

திரும்பிப் போவது எப்படி என்று நான் கேட்ட பிறகுதான் அவருக்கு அந்த நினைவே வந்தது.

எதிரில் கூப்பிடு தூரத்தில் ஒரு பங்க் இருந்தது. நான் பாட்டிலைக் கையில் எடுத்தேன். மாமா தடுத்துவிட்டார்.

"அது தமிழ்நாட்டு டீசல்."

"டீசல்ல என்ன மாமா இருக்கு?"

"வெல வேற இல்ல? இந்த வண்டிக்கு இதுவரைக்கும் நம்ம ஊரு டீசலத் தவிர ஊத்துனதில்ல. தள்ளிக்கிட்டே வாஞ்சூருக்குப் போயிருவோம். இந்தா இருக்கு."

இந்தா இல்லை. வந்த வழியெல்லாம் வாடை எங்களைத் தள்ளியது. பந்தல் துணியை அவிழ்த்துப் பின்னால் போட்டு வண்டியைத் திருப்பினால், இப்போது அதே வாடை எதிரே நின்றது. மாமா கதவைத் திறந்துவைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். என் எடை எதற்கும் உதவாது என்று அன்றைக்குத் தெரிந்தது. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை. நான் எடுக்கவில்லை.

அப்போதுதான் நாகப்பட்டினம் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து எங்களைத் தாண்டிப்போய் நின்றது. முன்னால் ஒரு பெரியவரும், பின்னால் பட்டுப் புடவையில் ஒரு அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா மடியில் பழத்தட்டு, பூப்பந்து. ஓட்டிக்கொண்டு வந்தவர் இறங்கி வந்தார்.

"என்ன சார், பிரேக்டவுனா? தள்ளட்டுமா?"

போட்டோவில் பார்த்த அதே முகம். அதே கார்.

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருப்பீங்க தம்பி. வாஞ்சூர் பங்க் வரைக்கும் போனா போதும்" என்றார்.

"பங்க் இங்கயே இருக்கே சார்?"

"அது வேணாம் தம்பி. அது வேற டீசல்."

செந்தில் மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தார். இஸ்திரி போட்ட இளநீலச் சட்டை. வண்டி நகர்ந்தது. நான் பக்கத்தில் நடந்துகொண்டே, "மாமா, போதும் மாமா, அவங்க எங்கயோ விசேஷத்துக்குப் போறாங்க, விட்டுருங்க" என்றேன்.

"நல்லாத் தள்ளுறாரும்மா. ஏன் விடச் சொல்ற?" என்றார் மாமா. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற சாக்கில் ஏறி உட்கார்ந்தே விட்டார்.

உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. சட்டை நனைய நனையத் தள்ளிக்கொண்டு வந்த மனிதரிடம் திரும்பி, "ஒங்க காரு என்ன தம்பி குடுக்குது?" என்று கேட்டார்.

"என்ன சார்?"

"மைலேஜ்."

"பாத்ததில்லைங்க. லைட் எரிஞ்சா போட்டுக்குவேன்."

மாமா என்னைப் பார்த்தார். வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது அவர் முகம். "படிச்ச புள்ளையாத்தான் தெரியறாரு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கார் எங்களுக்குப் பின்னாலேயே நடை வேகத்தில் வந்தது. அந்தப் பெரியவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பந்தல் துணியைப் பார்ப்பதும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பங்க்கில் விட்டுவிட்டுச் செந்தில் சட்டையை உதறிக்கொண்டார். தோளில் கருப்பாகக் கறை. மாமா அவரைக் கட்டாயப்படுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். "லைட் எரியற வரைக்கும் விடாதீங்க தம்பி" என்று புத்தி சொல்லி அனுப்பினார். கார் காரைக்கால் பக்கம் போனது.

டீசல் போட்டும் வண்டி உடனே கிளம்பவில்லை. காலி டேங்க்கினால் குழாயில் காற்று புகுந்துவிட்டிருந்தது. மாமா அடியில் படுத்து அந்தக் காற்றை வெளியேற்றி முடிப்பதற்குள் வேட்டி, சட்டை, முகம் எல்லாம் டீசல்.

"மாமா, அந்தத் தம்பியை உங்களுக்குத் தெரியலையா?" என்று வழியில் கேட்டேன்.

"தெரியாதே. யாரு?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது கூடத்தில் கடை நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. செந்தில் எழுந்து நின்றார்.

"சார், வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு தம்பி. ஏர் புடிச்சுக்கிட்டுது. ஆமா, நீங்க எங்க இங்க?" என்றார் மாமா.

"மாப்பிள்ளைங்க" என்றார் அத்தை.

மாமா தன் வேட்டியைப் பார்த்தார். செந்திலின் தோளைப் பார்த்தார். பட்டுப் புடவை அம்மாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வேற டீசலுன்னு சொன்னது நீங்கதானா சம்பந்தி" என்றார். சம்பந்தி என்று வாயில் வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

நான் சமையலறைக்கு ஓடினேன். அரசி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பாய்மரம், புளியமரம், தள்ளியது, சட்டைக் கறை. தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். மைலேஜ் பேச்சு வந்ததும் கையை எடுத்தாள்.

"பாத்ததே இல்லைன்னா சொன்னாரு?"

"ஆமாம்."

"நெசமா?"

"லைட் எரிஞ்சா போட்டுக்குவாராம்."

அவள் சின்ன வயதில் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டால் மாமா மொட்டைமாடிக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வருவாராம். பாதி நாள் காற்று சரியில்லை என்று சொல்லிவிடுவாராம். அதை என்னிடம் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் புடவையைச் சரிசெய்துகொண்டு, "தட்டை எடு" என்றாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு மாமா குளித்துவிட்டு வந்து அவளைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டார். நானும் அங்கேதான் நின்றேன்.

"ஏம்மா, குணமாத்தான் இருக்காரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவருக்கு மைலேஜே தெரியாதும்மா."

"அதனாலதான்ப்பா" என்றாள் அரசி.

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு கடைப்பக்கம் போனார். வெகு நேரம் அண்டாக்களை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போகும்போது கூப்பிட்டு, "தள்ளத் தெரியுது. அதுவும் ஒரு கொணந்தான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பங்குனிக்கு முன்பே கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்து நாங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டோம். அதற்கப்புறம் மாமாவைப் பார்க்கவில்லை. அவரை நினைத்தால் எனக்குப் பாய்மரம் முதலில் வருவதில்லை. அரசியைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்ட நாள்தான் வருகிறது.

பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் முன்னால் போக, கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாமாவும் அத்தையும் நானும் பிக்கப்பில் நாகப்பட்டினம் போனோம். எல்லாம் இறக்கியாகிவிட்டது. சாப்பாடும் ஆகிவிட்டது. சொல்லிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினோம். அரசி வாசல் படியில் நின்றாள். மாமா இஞ்சினைக் கிளப்பினார்.

கிளப்பியவர் கிளம்பவில்லை. கண்ணாடியைத் திருப்பிவைத்தார். அதைப் பழையபடி மாற்றிவைத்தார். முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டு புகையை விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தினார்.

"கெளம்புங்க. இருட்டிரும்" என்றார் அத்தை.

"கெளம்பறேன்" என்றார் மாமா. கியரைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரசி படியிறங்கி வந்தாள். ஜன்னலில் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, வண்டி சும்மா ஓடிக்கிட்டே இருக்குப்பா."

மாமா நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஓடட்டும்மா" என்றார்.